பலகையில் அழிக்கக் கூடாத இரண்டு வரிகள்

பிறை சூடிய பெருமானே! ஐயாறு பாய்ந்திறங்கும் இம்மலையில் மழையையும் பனியையும் மாறி மாறி உடுத்தி அமர்ந்திருப்பவனே! உன் திருவடியை முன்னிறுத்தித் தொடங்குகிறேன். பொய் கலவாமல் எழுத அருள வேண்டும். பிறர் பிழையை எழுதும் இடத்தில் என் கை விரையாமலும், என் பிழையை எழுதும் இடத்தில் என் கை தளராமலும் காக்க வேண்டும்.

இன்று கார்த்திகைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, திருவோணம் கூடிய சோமவாரம். விடிந்ததும் பேருந்து நிலையத்தில் என் முறை வேலையை முடித்துவிட்டு வந்து, நீராடி, நீறணிந்து, விளக்கின் முன் எழுத அமர்ந்தேன். நாள் பார்த்து எழுதுவதற்கு இது என்ன கலியாணப் பத்திரிகையா என்று மகள் கேட்டாள். அதற்குக் குறைந்தது அல்ல என்றேன்.

எங்கள் மலைக் கடைவீதியில், பேருந்து நிலையத்தின் முகப்பில் ஒரு பலகை மாட்டப்பட்டிருக்கிறது. நீல வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து. பகுதிக் குழு உறுப்பினர் ஐவரின் பெயர்களும், ஒவ்வொரு பெயரின் கீழும் அவரவர் பின்னணி என்று ஒரு வரியும் அதில் இருக்கின்றன. அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் அதைப் படிக்கிறார்கள். முதல் மூன்று வரிகள்வரை முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டு வரிகளில் நின்றுவிடுகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கைபேசியில் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

அவ்விரண்டு வரிகளையும் அழித்துவிட்டு மதிப்பாக வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று கடைவீதிப் பெரியவர்கள் சிலர் மனு தயாரித்துக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். என்னிடமும் வந்தார்கள். வரிகளில் ஒன்று என்னைப் பற்றியது என்பதால் முதல் ஆளாக நான்தான் கையெழுத்திடுவேன் என்று எண்ணியிருக்கிறார்கள். நான் இடவில்லை. இடவும் மாட்டேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியே சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பேருந்து நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நேரக்காப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எப்போது மேலே வந்தது, எப்போது கீழே இறங்கியது என்று பதிவேட்டில் குறித்துவைப்பது என் வேலை. எழுபது வளைவுகளைத் தாண்டி வரும் வண்டி சொன்ன நேரத்துக்கு வருவது அரிது. வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட பொழுதைப் பதிகம் ஓதிக் கழித்தேன். ஓதத் தொடங்கினால் பத்துப் பாட்டும் முடியாமல் இருக்கையை விட்டு எழுவதில்லை என்பது இளமையிலேயே நான் மேற்கொண்ட நோன்பு. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதை வியந்து பேசுவார்கள். அந்த வியப்பு என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சில நாள் குரலை உயர்த்தியிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நிலையத்தின் பின்புறம் பெண்களுக்கான கழிப்பறை ஒன்று உண்டு. அதன் சாவியும் என்னிடம் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நகரங்களில் வட்டத்துக்கொரு குழு வைத்துத் தெருவிளக்கையும் குடிநீரையும் சாக்கடையையும் அந்தந்தப் பகுதி மக்களே கவனித்துக்கொள்வது போல, எங்கள் கடைவீதிக்கும் ஒரு பகுதிக் குழு வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. கடைவீதி இப்போது நகரம் போலத்தான் ஆகிவிட்டது. கூட்டம் கூட்டிக் கை தூக்கச் சொன்னார்கள். ஐவரைத் தேர்ந்தெடுத்தோம். மலையின் ஊர்த்தொகுதிகளை நாங்கள் நாடு என்போம். வளப்பூர் நாட்டு மிளகு விவசாயி ஒருவர். குண்டூர் நாட்டைச் சேர்ந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர். இவர் மிளகு விவசாயியின் தங்கையை மணந்தவர். அடிவாரத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகத் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஒருவர். நான் ஒருவன். ஐந்தாவது, நிலையத்தில் சுமை தூக்கும் எடப்புளி நாட்டுப் பெண்.

எங்கள் எல்லோரையும்விட அவளுக்கே அதிகக் கைகள் உயர்ந்தன. பலாப்பழ மூட்டை தூக்கும் பெண்கள், அன்னாசி விற்பவர்கள், வாரச் சந்தைக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருபவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். ஆறாவதாக வந்தவர் அருவிச் சாலையில் தங்கும் விடுதி வைத்திருக்கும் முதலாளி. பட்டம் பெற்றவர், நான்கைந்து சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர். ஐவரில் எவராவது தகுதியிழந்தால் அந்த இடம் அவருக்குப் போகும் என்பது விதி.

"எதுக்கம்மிணி உனக்கு இந்த வேலை?" என்று தேநீர்க் கடைக்காரர் அவளைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும். அந்தக் கக்கூஸ் கதவு தொறந்து கெடக்கோணும். அருவி பாக்க வாரவங்களுக்குத் தொறக்கறாங்க, நாள் பூரா மூட்டை தூக்கற எங்களுக்குப் பூட்டறாங்க. அது தொறந்துருச்சுன்னா அந்த நாற்காலிய நீங்களே வெச்சுக்கங்க."

"நாற்காலி எங்க குடுத்தாங்க? பெஞ்சுதானே" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கதவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பதிவேட்டைப் புரட்டுபவன் போல் தலையைக் குனிந்துகொள்வது என் வழக்கமாகியிருந்தது. பணி ஓய்வு பெற்றுப் பதிவேடே கையில் இல்லாதபோதும் குனிந்துகொண்டேன்.

குழுவைப் பதிவு செய்ய ஓர் இளம் பெண் அலுவலர் கீழிருந்து வந்தார். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். கல்வி, தொழில், வகித்த பொறுப்பு, ஆற்றிய தொண்டு, தம் மீது ஏதேனும் புகார் உண்டா எனக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு வாரத்தில் நிரப்பித் தர வேண்டும். அதிலிருந்து ஒரு வரி எடுத்துப் பலகையில் எழுதப்படும் என்றார். பின்னணி இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்க இயலாது என்றும் சொன்னார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒருவன் தன்னைப் பற்றித் தானே எடுத்துப் பேசுவது கிடையாது. அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டாரோ, அவனிடம் பெண் எடுத்த வீட்டாரோ எழுந்து சொல்ல வேண்டும். மாமன் மச்சான் முறையுள்ளவர் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. பங்காளி சொன்னால் மதிப்பில்லை. தன் இரத்தத்தைத் தானே புகழ்ந்துகொண்டதாகக் கொள்வார்கள். தன்னைத் தானே புகழ்ந்தவனைக் கூட்டம் ஒன்றும் சொல்லாது. அவன் பேசி முடிக்கும்வரை எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

ஒரு வாரம் கழித்து, நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், சந்தை நாள் முற்பகலில் கூட்டம் கூடியது. மூட்டை தூக்கும் பெண்களும் கடைக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அலுவலர் படிவங்களைப் பிரித்தார். முதல் படிவத்தைப் படித்துவிட்டு மிளகு விவசாயியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, நீங்க ஜீப் ஓட்டுவீங்களா?"

"நானுங்களா? சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

"இதுல எழுதியிருக்கீங்களே. மழையில மரம் விழுந்து கிடந்த ரோட்டுல, பிரசவ வலியில இருந்த பொண்ணை ஜீப்ல ஏத்தி ஆஸ்பத்திரியில சேர்த்ததா?"

"நெசந்தானுங்க. ஆனா அது எம் மச்சானுங்க." பக்கத்தில் அமர்ந்திருந்த ஓட்டுநரைக் காட்டினார்.

அலுவலர் அடுத்த படிவத்தை எடுத்தார். "இவரோட பேப்பர்ல, பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தார், பன்றி வராம ஊருக்கே வேலி கட்டினார்னு இருக்கு. இது யாரு?"

"அது நானாமுங்க. எழுதுனவன் அவன். நான் என்னத்தக் கண்டேன்?" என்று மிளகு விவசாயி கூரையைப் பார்த்தார்.

தேநீர்க் கடைக்காரருக்குத் தாங்கவில்லை. "இவிய ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் எழுதிக்குவாங்கம்மா. நான் கீழ்நாட்டான். எனக்கு இங்க யாரு எழுதுவா? அதான் நானே எழுதிப்புட்டேன், மூணு பக்கம்."

"மூணு பக்கமும் போண்டாவப் பத்தித்தானுங்க" என்றார் ஜீப் ஓட்டுநர்.

கூடம் சிரித்தது. அலுவலரும் சிரித்துவிட்டு, இரண்டு படிவங்களிலும் பெயர்களை மாற்றி எழுதிக்கொண்டார். நான்காவது என்னுடையது. என் மனைவியின் உடன்பிறந்தார் மறைந்துவிட்டதால் அதில் பெயரும் பணியும் தவிர வேறொன்றும் இல்லை. அலுவலர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"உங்களை எல்லாருக்கும் தெரியும் சார். ஆன்மிகப் பெரியவர்னு நானே போட்டுக்கறேன்" என்று எழுதிவிட்டார்.

ஐந்தாவது படிவமும் அப்படித்தான் இருந்தது. பெயர், எடப்புளி நாடு, சுமைத் தொழில். மற்றக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. அவளைக் கட்டியவன் லாரியில் ஏறி வடக்கே போனவன் திரும்பவில்லை. அவன் வீட்டார் அவளுக்காக எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை. அவளைப் பற்றிச் சொல்ல முறையுள்ள வாய் மலைமேல் ஒன்றும் இல்லை.

"ஏதாவது சொல்லுங்கம்மா. நீங்க செஞ்சது ஒண்ணுமே இல்லையா?" என்று அலுவலர் பரிவோடுதான் கேட்டார்.

அவள் வழக்கத்தை மீறவில்லை. "நானாச் சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

நிறையப் பேர் அறிந்தவன் என்பதால் என் வெறுமை நிரம்பியது. அவளையும் அங்கே நின்ற அத்தனை பேரும் அறிவார்கள். ஆனாலும் அவள் வெறுமை வெறுமையாகவே இருந்தது. இதை நான் அப்போதே உணர்ந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உணரவில்லை. ஆன்மிகப் பெரியவர் என்ற சொல்லை மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதி முதலாளி எழுந்தார். "பின்னணி இல்லாதவங்களைச் சேர்க்க முடியாதுன்னு நீங்கதாங்க மேடம் சொன்னீங்க. ஆனா இவங்களுக்குப் பின்னணி இல்லைன்னும் சொல்ல முடியாது. இருக்கு." ஒரு காகிதத்தை நீட்டினார். "பழைய கோப்புல கெடந்துச்சுங்க. அரசாங்கச் சொத்தை உடைச்சதுக்குப் புகார். படிச்சுப் பாருங்க."

தூரத்திலிருந்தே என் கையெழுத்தை நான் அறிந்துகொண்டேன்.

அலுவலர் உரக்கப் படித்தார். மேற்படி பெண்மணி பட்டப்பகலில் கருங்கல்லால் பூட்டைத் தகர்த்து, நிலையத்தின் ஒழுங்கையும் தூய்மையையும் குலைத்து, தட்டிக் கேட்ட பணியாளரை அவமதித்தமையால் அவரை நிலைய எல்லைக்குள் அனுமதிக்கலாகாது. எதுகை மோனை பார்த்து எழுதியிருந்தேன். கீழே என் பெயர்.

"இது நீங்க எழுதினதா சார்?"

"நான் எழுதியதுதான்" என்றேன்.

நடந்தது இதுதான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிரதோஷ நாள் பிற்பகல். நன்றாக மழை பெய்துகொண்டிருந்தது. நீராடி வந்து, என் அறையில் பதிகம் தொடங்கியிருந்தேன். முதற்பாட்டு முடியும் முன்னே அவள் சன்னலருகில் வந்து நின்றாள். பேருந்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அவசரம், சாவி வேண்டும் என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். நிறைமாதம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். சாவி என் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. கை நீட்டினால் எட்டும். நான் ஓதுவதை நிறுத்தாமல், காத்திரு என்று கையால் காட்டினேன். ஓதும்போது அந்தச் சாவியைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும் என்பதும் என் மனத்தில் இருந்தது. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். நான் குரலை உயர்த்தினேன். பிறகு கல் பூட்டின் மேல் விழும் ஓசை கேட்டது. நான்கு அடி. நான் பத்துப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

அதற்குள் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு பேருந்து இறங்கிவிட்டது. அவள் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவள் நின்றிருந்தாள். "பாட்டு முடிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்டாள். நான் எழுதிய அவமதிப்பு அதுதான். அந்த மழைக்காலம் முழுவதும் அவளை நிலையத்துக்குள் விடவில்லை. வெளியே வளைவில் நின்று, வேகம் குறையும் லாரிகளில் மூட்டை ஏற்றிப் பிழைத்தாள். புதுப் பூட்டு வந்தது. முன்னதைவிடப் பெரியது. அதன் சாவியும் என் ஆணியிலேயே தொங்கியது.

கூடத்தில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அலுவலர் எனக்கு ஒரு வழி திறந்துகொடுத்தார். "ரொம்பப் பழைய விஷயம் சார். தவறுதலாக் கொடுத்த புகார்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. அவங்க பேரையும் சேர்த்துடலாம்."

மிளகு விவசாயி நிம்மதியாக மூச்சு விட்டார். "எழுதிக் குடுத்துருங்கண்ணா. அவ ஒடைக்கலைன்னு ஒரு வார்த்தை. யாருக்கு நட்டம்?"

பேனாவை வாங்கிவிட்டேன். எழுதவும் குனிந்தேன்.

"ஏனுங்ணா," என்றாள் அவள். மூட்டைப் பெண்களின் நடுவிலிருந்து வந்த குரல். "நான் ஒடைக்கலைன்னு எழுதாதீங்க."

"அம்மிணி, உனக்காகத்தான்" என்றார் மிளகு விவசாயி.

"எனக்காக யாரும் பொய் எழுத வேண்டாமுங்க. ஒடைச்சேன். கருங்கல்லுலதான் ஒடைச்சேன். அண்ணன் எழுதுனதுல அது ஒண்ணுதான் நெசம், அதையும் இப்ப அழிக்கறீங்களே. இன்னைக்குப் பூட்டுனா இன்னைக்கும் ஒடைப்பேன்."

விடுதி முதலாளி கைகளை விரித்தார். "கேட்டுக்கங்க மேடம். அவங்க வாயாலயே சொல்லியாச்சு. இதுக்கு மேல என்னங்க?"

பேனா என் கையில் இருந்தது. இத்தனை ஆண்டுகள் இறைவனைப் பாடிய வாயால் ஒரு பொய்யைச் சொல்லி அவளுக்கு உதவுவது புண்ணியம் என்று ஒரு கணம் முன்புவரை நினைத்திருந்தேன். நான் படித்த அடியவர் எவரும் மன்னன் முன் நின்று, நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்லித் தப்பியதில்லை. அவர்களைப் பாடிப் பாடிக் குரல் தேய்ந்த நான் சாவியை வைத்திருந்தேன். ஒரு பாட்டும் அறியாதவள் அவர்களைப் போல் நின்றாள். எனக்கு எழுந்தது வெட்கம் மட்டுமன்று. சினமும்தான். என்மேல் பாதி, அந்தக் கட்டம் போட்ட காகிதத்தின்மேல் பாதி.

எழுந்து நின்றேன். "புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்" என்றேன். "அதில் எழுதியது நடந்தது. ஆனால் அதில் எழுதாததும் நடந்தது. ஆற்றிய தொண்டு என்னும் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. பேருந்து நிலையக் கழிப்பறைப் பூட்டை உடைத்தவர். நிறைமாதப் பெண் ஒருத்திக்காக உடைத்தவர். இதுதான் இவர் பின்னணி. இதைவிடப் பெரிய பின்னணி இந்தக் குழுவில் யாருக்கும் கிடையாது. எனக்கு நிச்சயமாகக் கிடையாது."

மிளகு விவசாயி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "அண்ணா, உக்காருங்க. நீங்க அவளுக்குப் பங்காளி முறை. பங்காளி எந்திரிச்சுப் பேசக் கூடாது. முறை இல்லீங்க."

உண்மைதான். அவளும் நானும் ஒரே கொத்து, ஒரே குலவழி. கூட்டத்தில் சிலர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"முறையுள்ளவன் எவனும் பேசவில்லை. ஆகவே முறையில்லாத நான் பேசுகிறேன்" என்றேன். "எவர் எந்தப் பக்கம் பார்த்தாலும் பாருங்கள். காது இந்தப் பக்கம்தானே இருக்கிறது. இன்னும் கேளுங்கள். ஒரு பெண் தவித்துக்கொண்டு நிற்க, நான் பத்துப் பாட்டு ஓதினேன். அதை ஈசன் கேட்டிருப்பான் என்று இத்தனை நாள் நம்பினேன். அவன் கேட்டது நான்கு கல்லடியைத்தான்."

கடைசி வரியில், வேறு பக்கம் பார்த்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

முதலில் வாய் திறந்தவள் அவள்தான். "நாலு இல்லீங்ணா, அஞ்சு. மொத அடி நழுவிப் போயி எங் கால்ல பட்டுச்சு."

மூட்டைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அலுவலர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "சார், அப்படியே எழுதட்டுமா? மேல கேள்வி வரும்."

"வரட்டும். எனக்கு அனுப்புங்கள்."

விடுதி முதலாளிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "அப்ப இவர் பின்னணி என்னங்க? பொய்யான புகார் கொடுத்தவர்னு போடுவீங்களா?"

"எம் மேல குடுத்த புகார் பொய்யில்லீங்க, நெசம்னு இப்பத்தானே சொன்னேன்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்கும் சொல்றதுக்கு மச்சான் இல்லீங்க. அவரு முறை கெட்டு எனக்குச் சொன்னாரு. நானும் முறை கெட்டுச் சொல்லிப்போடறேன். அந்த ஆன்மிகப் பெரியவர்ங்கறத அடிச்சுப்போடுங்கம்மா. சாவிய வெச்சிருந்தவர்னு போடுங்க."

"சாவியை வைத்திருந்தவர்" என்று அலுவலர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"போடுங்கள்" என்றேன்.

மேலிடத்திலிருந்து கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். பதில்கூட எழுதிவைத்திருந்தேன், இம்முறை எதுகை பார்க்கவில்லை. கேள்வி வரவில்லை. தட்டச்சு செய்தவர் படித்துத்தான் செய்தாரா, கையெழுத்திட்டவர் படித்துத்தான் இட்டாரா, எனக்குத் தெரியாது. ஐவர் பெயரும் ஒப்புதலாகி வந்தன. பலகை எழுதுபவர் வந்தபோது ஏணியின் கீழ் நின்று, ஒவ்வோர் எழுத்தாக நான் சரிபார்த்தேன்.

பலகை ஏறிய அன்றே குழு முதன்முறையாகக் கூடியது. அவள் வேறெதுவும் பேசவில்லை. "பேரு மேல ஏறிருச்சு. சாவி எங்கீங்ணா?" என்றாள். ஓய்வு பெறும்போது சாவியை எனக்கு அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்திருந்தேன். அவரிடமிருந்து வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் பூட்டைத் திறந்து கழற்றி, சாவியோடு சேர்த்து என்னிடமே திருப்பித் தந்தாள். அது இப்போது என் பூசையறையில் இருக்கிறது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் உண்டு.

திறந்து கிடந்தால் நாறிப்போகும் என்று விடுதி முதலாளி சொன்னார். நாறவில்லை. நாளுக்கொருவர் முறை வைத்துக் கழுவுகிறோம். மூட்டைப் பெண்கள் நான்கு நாள். தேநீர்க் கடைக்காரர் வெள்ளிக்கிழமை. அன்று தன் கடையிலிருந்து சுடுநீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஜீப் ஓட்டுநர் சனிக்கிழமை. சோமவாரம் நான். விரதமிருக்கும் நாளில் இந்த வேலையா என்று உறவினர் முகம் சுளித்தார்கள். அந்த நாளைத்தான் கேட்டு வாங்கினேன். வாளியையும் துடைப்பத்தையும் வைத்துவிட்டு வந்து குளித்த பிறகு ஓதும் பாட்டு, முன்பு ஓதியதுபோல் இல்லை. குரல் குறைந்திருக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

மனு கொண்டுவருபவர்களுக்கு என் விடை இதுவே. எங்கள் மலையின் மானம் போகிறது என்கிறீர்கள். கதவைப் பூட்டிவைத்திருந்தபோது அது போகவில்லையா? வெளியூர்க்காரர் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும்; சிரித்துவிட்டுப் பின்புறம் போய்த் திறந்த கதவைப் பயன்படுத்தட்டும். என் வயதையும் படிப்பையும் மதித்துச் சொல்வதாகச் சொல்கிறீர்கள். அவற்றை மதிப்பவர்கள் அந்த வரியையும் மதிக்க வேண்டும். அதை நான் என் ஆயுளைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். வண்ணமும் தூரிகையும் கொண்டு இரவோடிரவாக அழித்தாலும் சரி. காலையில் ஏணியோடு நான் வருவேன். எழுபதைத் தொடும் கால்கள்தாம். ஆயினும் ஏணி ஏறும்.

இதை எழுத எண்ணியிருந்தபோதே ஒரு நல்ல வேடிக்கை. நேற்று அவள் வந்து பலகையின் கீழ் நின்று தன் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பேருந்து நிலையம்னு எழுதியிருக்கீங்க, கக்கூஸ்னு எழுதியிருக்கீங்க, அஞ்சு அடின்னு எழுதலியே" என்றாள். இடம் போதவில்லை என்றேன். "போண்டாவுக்கு மட்டும் எடம் இருந்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பேருந்தின் கூரைக்கு மூட்டையோடு ஏறிப்போனாள்.

இதைப் படித்தவர்க்கும், படிக்கக் கேட்டவர்க்கும், கேட்டு முகம் சுளித்தவர்க்கும் ஈசன் அருள் உண்டாகுக. அவரவர் ஊரில் அவரவர்க்காக எழுந்து பேச ஒரு வாய் கிடைப்பதாக. அவசரத்துக்குத் தட்டும் கதவு எவர்க்கும் திறப்பதாக. மழை தவறாமல் பொழிந்து, மிளகுக் கொடி தழைத்து, மலையும் அடிவாரமும் ஒருங்கே வாழ்க.